ஒரு சாண் வேகம்

ஜன்னலுக்கு வெளியே முதல் மின்கம்பத்தை ரொட்டி வேன் எட்டியதும் தையல் மெஷினின் பெடலை அழுத்தினாள். வேன் இரண்டாம் கம்பத்தைத் தாண்டியதும் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள். வெள்ளைத் துணியில் சிவப்பு நூலில் ஒரு வரி. நான்கு விரற்கடை நீளம்.

"வந்துட்டுப் போறான் பாரு, எமனுக்குத் தம்பி" என்றாள்.

முப்பது வருடமாக அதே ஜன்னலோரம் தைப்பவள். அவள் கால் வேகம் கூடாது, குறையாது. சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டரைத் தாண்டாமல் போகும் ஒரே வண்டி, கிழட்டு நகரப் பேருந்து. அது இரண்டு கம்பங்களுக்கு நடுவே போவதற்குள் சரியாக ஒரு சாண், பன்னிரண்டு விரற்கடை, தைத்துவிடுவாள். சாணுக்குக் குறைந்த வரியெல்லாம் வேகமாய்ப் போன வண்டி. மற்ற வண்டிகளுக்குக் கறுப்பு நூல். ரொட்டி வேனுக்கு மட்டும் சிவப்பு.

போன வருடம் அந்த வேன்தான் தங்கையை இடித்தது. வேன்காரன் கண்ணாடியை இறக்கி, "கண்ணை வீட்டுல வச்சிட்டு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். தாயில்லாத தங்கையை இவள்தான் வளர்த்தாள். அவள் இப்போது தடியூன்றி நடக்கிறாள். இழப்பீடு, மன்னிப்பு எதுவும் அக்காவுக்கு வேண்டாம். தங்கை சாலையைக் கடக்கும்வரை அவன் நின்று காத்துக் கிடக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேகத்தை முப்பதாகக் குறைக்கச் சொல்லி மனு கொடுத்தபோது சாலைப் பொறியாளர், "வேகமா போறாங்கன்னு சொன்னா ஆச்சா? அளவு வேணும்மா" என்றார்.

"அளவுதானே சார் என் பொழப்பே" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து தைத்ததுதான் இந்தத் துணி.

தங்கை துணியை விரித்துப் பார்த்தாள்.

"அக்கா, லாரிகூட அரைச் சாண் ஓடியிருக்கு. சிவப்பு மட்டும் நாலு விரலா? வேனா, ராக்கெட்டா? அவன் வந்தா உன் கால் தூங்கிடுதோ?"

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அடிபட்டது நான். என்ன வேகத்துல வந்தான்னு எனக்குத் தெரியாதா? அரைச் சாண் போதும், அவன் மாட்டுவான். இதைக் காட்டினா நீ மாட்டுவ" என்றாள் தங்கை.

அன்றைக்கே அக்கா சிவப்பு வரிகளைப் பிரித்தாள். ஒவ்வொரு தையலுக்கும் அவனை ஒரு வசவு வைதாள். பிறகு மூன்று வாரம், கால் வேகம் மாறாமல் தைத்தாள். சிவப்பு வரி எல்லாம் அரைச் சாண்.

துணியைப் பார்த்துச் சிரித்த பொறியாளர், சோதிக்க ஒருநாள் வேகம் அளக்கும் கருவியோடு வந்து ஜன்னலருகில் நின்றார். ஒவ்வொரு வண்டிக்கும் கருவியும் துணியும் ஒன்றையே சொல்லின. அப்புறம் வேன் வந்தது. வாசலில் நின்ற அரசு ஜீப்பைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. கல்யாணப் பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து வந்தான். போகிறபோக்கில் இவளுக்குக் கையும் காட்டினான்.

காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், வரி குறுகிவிடும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு எப்போதும்போல் மிதித்தாள். ஒரு சாணும் மூன்று விரலும்.

"இருபத்திநாலு. உங்க கணக்கும் அதேதான்" என்றார் பொறியாளர். "தங்கச்சியை இடிச்சவனுக்கும் நேர்மையா தச்சிருக்கீங்க. நல்ல மனசும்மா."

"மனசாவது மண்ணாவது. குறைச்சுத் தச்சா துணியே பொய்யாகி அவன் தப்பிச்சுடுவான் சார்."

அவர் துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் மாதம் ஜன்னலுக்கு எதிரே 'முப்பது' என்று பலகை நட்டார்கள். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை ஏழரைக்கு ரொட்டி வேன் முப்பதில் வந்தது. தங்கை சாலையில் இறங்கினாள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே வேன் நின்றது. அவள் பாதி தூரம் போய், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னலை அவிழ்த்துப் பின்னினாள். வேன்காரன் போலீஸ்காரரைப் பார்த்தான், ஹாரன் அடிக்கவில்லை. அக்கா சிவப்பு நூலில் தைத்துக்கொண்டிருந்தாள். துணி முடிந்தது. திருப்பிப் போட்டுத் தைத்தாள். எட்டு மணிக்கு வேன் போனதும் கறுப்பு நூலை மாட்டி, யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு மடித்தாள்.