மருமகனுக்காகப் பார்த்த வீடு

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டையும் பெண்ணின் தகப்பனே செய்து முடிப்பார். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தால் போதும். என் கணவரும் அப்படித்தான் வந்தார். அப்பா எனக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில், நாட்டில் சண்டை வந்து நாங்கள் கனடாவின் மொன்றியலுக்கு ஓடி வரும்வரை இருந்தார். ஆகவே தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சொந்த வீடு பார்க்கத் தொடங்கியபோது, வீடு வாங்குவதில் அவருக்கு எவ்வளவு அனுபவம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் இரண்டு வீடுகள் மிஞ்சின. ஒன்று மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில், மற்றது பக்கத்து நகரமான கர்க்லாண்டில். இரண்டும் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கு எதிரே பஸ் தரிப்பு இருந்தது. கர்க்லாண்ட் வீட்டில் இரண்டு கார் விடக்கூடிய கராஜ் இருந்தது. எங்களிடம் ஒரு கார். அதையும் ஓட்டுவது அவர் மட்டும்.

கராஜில் மற்ற இடம் யாருக்கு என்று கேட்டேன். மருமகனுக்கு என்றார். மகளுக்கு அப்போது எட்டு வயது. கர்க்லாண்ட் வீட்டைச் சீதனமாகக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் மதிப்பார்களாம். அந்த மாப்பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் பால்பல் விழுந்து நின்றாரோ, அவருடைய விருப்பங்கள் மட்டும் எங்கள் வீட்டில் விவரமாகத் தெரிந்திருந்தன. அவருக்கு முச்சந்தி வீடு பிடிக்காது. நிலவறை பெரிதாக இருக்க வேண்டும். மகளைக் கேட்டோம். நாய் வளர்க்கலாமா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. வேலை, மாதா கோயில், தங்கச்சி வீடு எல்லாம் பஸ்ஸும் மெத்ரோ ரயிலுமாக நானே போய் வருவேன். கர்க்லாண்டுக்குப் போனால் அது நின்றுவிடும் என்று பயந்தேன்.

அவருக்குச் சொல்லாமல் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். பஸ் பெரிய தெருவோடு இறக்கிவிட்டுப் போய்விட்டது. நடைபாதை இல்லாத தெருக்களில், உருகின பனிக்குள், சப்பாத்து நனைய நடந்தேன். வழியில் நடந்துபோன ஒரே ஆளும் நாய்க்காகத்தான் நடந்தார். இன்னொருவர் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று விசாரித்தார். நல்ல மனிதர். இங்கே குடிவர யோசிக்கிறோம் என்றேன். அதைக் கேட்ட பிறகும் அவருடைய கவலை தீர்ந்ததாகத் தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை.

“நான் இருக்கிறன்தானே, உம்மை ஏத்தி இறக்க.”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

“அங்கை ஊரிலை என்ரை வீட்டிலைதானே இருந்தனீங்கள். ஒருநாள் எண்டாலும் வெளியிலை போறதுக்கு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்களோ?”

அந்த வீடு என்னுடையது என்று நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் சாப்பிட்டு முடித்தார். எழுந்து தன் தட்டைத் தானே கழுவினார். அதற்கு முன் அவர் கழுவி நான் பார்த்ததில்லை. திங்கட்கிழமை வீட்டுத் தரகருக்குப் போன் எடுத்து, பியர்பொன்ட்ஸ் என்றார். தன் தமையனிடம், கர்க்லாண்ட் வீட்டுக் கூரை சரியில்லை என்று சொல்லிவைத்தார். கூரைக்கு ஒரு குறையும் இல்லை.

குடிபோன அடுத்த சனிக்கிழமை நான் சப்பாத்தை மாட்டினேன். எங்கே என்று கேட்டார். சும்மா என்றேன். அவருடைய கை கார்ச் சாவியை எடுக்கப் போனது, பிறகு சட்டைப்பைக்குள் போய்விட்டது. நான் தெருவைக் கடந்து பஸ்ஸில் ஏறினேன். கடைசித் தரிப்புவரை போய், இறங்கி, அதே பஸ்ஸில் திரும்ப ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்று எனக்கு எங்கேயும் ஒரு அலுவலும் இருக்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.