ஓடாத டயர்

கார் எங்கள் அப்பா வாங்கியது. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; வீட்டில் இன்றும் அது நைனா காருதான். இரண்டு கோடை ஷெட்டிலேயே நின்றதில் டயர்களெல்லாம் வெடிப்புவிட்டு, சக்கரங்கள் துருப்பிடித்துப்போயின. போன பங்குனியில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று செஞ்சியில் திண்டிவனம் சாலை டயர் கடைக்குப் போனேன்.

அந்த அளவு டயரை இப்போது யாரும் செய்வதில்லை என்றார் கடைக்காரர். சக்கரங்களையே மாற்றிவிட்டுச் சின்ன வேன்களுக்குப் போடும் புது டயரை மாட்டலாம். இல்லையென்றால் பழைய இரும்புச் சக்கரங்களைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து, புதுச்சேரியில் ஒரு குடோனில் கிடக்கும் டயர்களை வரவழைக்கலாம். அவை பழைய அளவு, பக்கவாட்டில் வெள்ளைப் பட்டை போட்டவை. வேன் சக்கரம் மாட்டினால் நைனா கார் காய்கறி வண்டி மாதிரி ஆகிவிடும் என்று எனக்குப் பட்டது. வெள்ளைப் பட்டையே வேண்டும் என்றேன்.

டயர்கள் வந்ததும் அவர் பள்ளங்களில் விரலை ஓட்டிக் காட்டினார். "பட்டன் பாருங்க சார், ரோட்டையே பாக்கல. ஓடாத டயர்னா புதுசுதான்."

எங்கள் பக்கம் அப்படித்தான் பேசுவோம். கட்டாத புடவை புதுசு, ஓடாத டயர் புதுசு. ஆனால் நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பர் காற்றுப் பட்டே கிழடாகிவிடும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன். டயரின் பக்கத்தில், செய்த வருடத்தைக் காட்டப் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். என் பேத்தி பிறப்பதற்கு முன்னால் செய்தது. அவள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். நகத்தால் அழுத்தினேன். பதியவில்லை, கல்லாய் இறுகியிருந்தது. மாட்டச் சொன்னேன்.

மேல்சித்தாமூரிலிருந்து என் மருமகன், அக்கா மகன், வந்து பார்த்துவிட்டு, புதுசா மாமா என்று கேட்டான். புதுசுதான் என்றேன். ஊருக்குள்தானே ஓடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரை வெயிலில், மருமகனுடைய சிநேகிதர் வீட்டு நிச்சயதார்த்தம் சீயமங்கலம் பக்கத்தில். அக்காவுக்கு எண்பது வயதாகிறது. நைனா காரிலேயே போகலாம் என்று பிடிவாதம் பிடித்தாள். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் காரணம் கேட்பார்கள்.

நாங்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. நானெல்லாம் அதை எப்போதோ விட்டுவிட்டேன். அக்கா மட்டும் விடவில்லை, இருட்டிவிட்டால் தண்ணீர்கூடத் தொடமாட்டாள். அன்று மதியச் சமையலில் எல்லாவற்றிலும் அவள் தொடாத வெங்காயமோ உருளைக்கிழங்கோ இருந்ததால், சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு கைப்பிடி தயிர்சோறு மட்டும் சாப்பிட்டிருந்தாள். பேச்சில் நேரம் போய், கிளம்பும்போதே வெயில் மஞ்சளாகிவிட்டது. பொழுதுக்குள் வீடு சேர வேண்டும் என்று மருமகன் வேகம் பிடித்தான்.

தார் ரோடு பகலெல்லாம் வெந்து கிடந்தது. ஒவ்வொரு மேட்டிலும் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன், பிரேக் என் காலடியில் இருப்பதைப்போல. முதுகு வலிக்கிறது, மெதுவாகப் போ என்றேன்.

பின்சீட்டிலிருந்து அக்கா சொன்னாள்: "உன் முதுகுக்குத் தைலம் இருக்குதுடா. எனக்குப் பொழுது போனா சோறு இல்ல."

மருமகன் சிரித்துக்கொண்டே இன்னும் மிதித்தான்.

கொஞ்ச தூரத்தில் பின்பக்கம் ஒரு ஓசை தொடங்கியது. தப், தப், தப் என்று சக்கரத்தோடு சேர்ந்து சுற்றியது. மருமகன் ரோடு சரியில்லை என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. அது அக்கா உட்கார்ந்திருந்த பக்கத்துச் சக்கரம். என் பக்கம் இல்லை என்று முதலில் மனம் ஆறியது. அந்த ஆறுதலோடு ஒரு ஏரிக்கரையை முழுதாகக் கடந்தேன். எதிரே ஒரு பஸ் உரசுவதுபோலப் போனபோதுதான் நிறுத்து என்று கத்தினேன்.

டயரின் பக்கவாட்டில் ஒரு கைமுட்டி அளவுக்கு வீங்கியிருந்தது. வெள்ளைப் பட்டை கிழிந்து உள்ளே நூல் தெரிந்தது. மற்ற மூன்றிலும் மயிரிழை வெடிப்புகள். மருமகன் ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தான், அதுவும் வெடித்திருந்தது; கீழே வைத்தான்.

"இன்னா மாமா, புதுசுன்னீங்களே?"

"ஓடாதது. ஆனா பழசு. தெரிஞ்சேதான் வாங்குனேன்."

அவன் ஆட்டோ கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு, சிக்னல் தேடி ரோட்டோடு நடந்தான்.

அக்காவை இறக்கிக் கல்லில் உட்கார வைத்தேன். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது. விரல்கள் நடுங்கின. சர்க்கரை இறங்கினால் அவளுக்கு இப்படித்தான் ஆகும்; ஒருமுறை இப்படியே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தாம்பூலப் பையில் ஒரு வாழைப்பழம் இருந்தது. உரித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை. புரை விழுந்த கண்களை மேற்கே திருப்பினாள்.

"பொழுது இருக்குதாடா?"

சூரியன் குன்றுக்குப் பின்னால் போய் நேரமாகிவிட்டது. பாறைகள் கறுத்துவிட்டன. எதிரே வந்த வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு வந்தன. அவள் வாழ்நாளெல்லாம் காத்தது என் ஒரு வார்த்தையில் போய்விடும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

"இருக்குதுக்கா. மலை மேலதான் நிக்குது. சாப்பிடு."

திரும்பி வந்த மருமகன் அதைக் கேட்டான். என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மென்று தின்றாள். நடுக்கம் குறையும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணியும் குடு," என்றாள். "பொழுது இருக்கசொல்லவே குடிச்சிடறேன்."

பாட்டிலின் மூடி இருட்டில் கைக்கு அகப்படவில்லை. தடவித் திறந்து கொடுத்தேன்.