சொதி திரிந்த வீட்டுக்கு மறுபடி கூட்டிப்போனவள்

போன வெள்ளிக்கிழமை காலை எதிர்வீட்டுக்கு எனக்கொரு போன் வந்தது. ஆழ்வார்குறிச்சியிலிருந்து, என்னோடு கல்யாணச் சமையலுக்கு வந்த கோமதியின் மகன் பேசினான். "பெரியம்மா, அம்மா போயிட்டா" என்றான். என்னைவிட நாலு வயது இளையவள். முந்திக்கொண்டு போக அப்படி என்ன அவசரமோ.

அவள் சமையலைச் சாப்பிட்டவர்கள் நம் வட்டாரத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். தொண்ணூற்றொன்று வாக்கில், கல்யாண வீடுகளில் ஆண்களே சமைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் இரண்டு பெண்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். "ஒரு வருசம் தாங்குமா?" என்று கேட்டவர்களும் உங்களில் உண்டு. தாங்கியது. அது என் கையால் கெட இருந்த கதையை இனி நான்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி என்னும் தேங்காய்ப்பால் குழம்போடு சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். மற்றதில் குறை இருந்தால் மறந்துவிடுவார்கள். சொதியில் குறை என்றால் பேத்தி கல்யாணம் வரை பேசுவார்கள். தேங்காயின் முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, நுரை கட்டும்போது இறக்கி, சூடு தணிந்த பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். அன்று ஒரு வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் முன்னதாகவே வந்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பதற்றத்தில் அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டேன். அண்டா முழுக்கத் திரிந்துபோனது.

பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "எம் மானத்த வாங்கிட்டியளே" என்று தலையில் கை வைத்தார். கோமதி அக்கம்பக்கத்தில் கிடைத்த தேங்காயை எல்லாம் துருவி மறுபடி வைத்தாள். பந்தி ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது. நானோ பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டேன். சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

எட்டு மாதம் எந்த விசேஷ வீட்டுக்கும் போகவில்லை. வீட்டில் எலுமிச்சை ரசம் வைப்பதையே விட்டுவிட்டேன். கோமதி வாராவாரம் வருவாள், காப்பி குடிப்பாள், ஊர்க்கதை பேசுவாள், போவாள். ஒருநாள், "யக்கா, அதே வீட்டுல ரெண்டாவது பொண்ணுக்குக் கல்யாணம். சொதிக்கு நீதான்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள்.

"ஏட்டி, உனக்கென்ன பைத்தியமா? அந்த அண்ணாச்சி என்னை வாசப்படி ஏத்துவாரா?"

"மொதல்ல மாட்டேன்னுதான் நின்னாரு. 'அப்பம் நானும் வரல, வேற ஆளப் பாத்துக்கிடுங்க'ன்னேன். பைய எறங்கி வந்துட்டாரு."

அவளே வந்து கூட்டிப்போனாள். கல்யாணத்துக்கு மறுநாள் மறுபடி அந்த வீட்டு அண்டா முன்னால் நின்றேன். "பக்கத்துல நில்லுட்டி" என்று அவள் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். "நான் நின்னா எம் மூஞ்சியத்தான் பாப்ப. பாலப் பாரு" என்று சொல்லிவிட்டு இலை போடப் போய்விட்டாள். நுரை கட்டியது. உதவிக்கு நின்றவர்களை இறக்கச் சொன்னேன். சூடு தணியும் மட்டும் யார் அவசரப்படுத்தியும் எலுமிச்சையைத் தொடவில்லை. கடைசிப் பந்தியில் உட்கார்ந்த அந்த அண்ணாச்சி மூன்று தரம் சொதி கேட்டு வாங்கினார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வெகுநாள் கழித்து, "அன்னைக்கும் திரிஞ்சிருந்தா என்னட்டி செஞ்சிருப்ப?" என்று கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "என்ன செய்ய? அடுத்த வீட்டுலயும் உன்னத்தான் வைக்கச் சொல்லிருப்பேன்."

நான் தப்பே செய்ய மாட்டேன் என்று அவள் நம்புவதாக அதுவரை நினைத்திருந்தேன். தப்பு செய்தாலும் திரும்பி வருவேன் என்று நம்பியிருக்கிறாள். எனக்கென்று அவள் விட்டுப்போனது அந்த நம்பிக்கைதான்.

தை மாதம் ஒரு கல்யாணத்தை இருவருமாக ஒப்புக்கொண்டிருந்தோம். முடியாது என்று சொல்லிவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். அவள் இல்லாத அடுப்படியை நினைத்தாலே பயமாக இருக்கிறது. இன்று காலை அந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், வருகிறேன் என்று.