தூளிக் கயிறும் மூன்றாவது ஆணியும்

சுவரில் ஆணி சுலபமாக இறங்கினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா? நான் பயப்படுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சேக்காட்டு வீட்டில், அக்கா குழந்தையைத் தூளியில் போடும் நாள். புது வீடு. கான்கிரீட் போட்டபோது கூரையில் கொக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் கொக்கியாணி, நடுவே கயிறு, கயிற்றில் தூளி — இது நைனாவின் திட்டம். அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

அக்கா வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தார்.

"சீக்கிரம் மாப்ள, நல்ல நேரம் முடியப்போவுது," என்றார் நைனா.

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. சற்றுத் தள்ளி அடித்த மூன்றாவது சரசரவென்று உள்ளே போனது.

"பாத்தியா இஞ்சினீரம்மா... வெண்ணெயாட்டம் எறங்குது!" என்றார் மாமா என்னிடம்.

வெண்ணெய்தான்! ஆணி இறங்கியது செங்கல்லில் இல்லை, இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள கலவையில். படம் மாட்டினால் பாரம் கீழே இழுக்கும், ஆணி தாங்கும். குறுக்கே கயிறு கட்டினால்? ஆணியை நேராக வெளியே அல்லவா இழுக்கும்!

"வாணாம் மாமா. செவுத்த அந்தாண்ட வரைக்கும் தொளைச்சு போல்ட்டு போடலாம். பின்னாடி தகடு வச்சு நட்டு முறுக்கினா அசையாது."

நைனாவின் முகம் சுருங்கியது. "புது ஊட்டு செவுத்துல ஓட்டையா? பாலிடெக்னிக் படிச்சா ஊட்டையே இடிச்சிருவியா?"

மடியில் குழந்தையோடு அக்கா என்னையும் ஆணியையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் எதிர்ச் சுவரிலும் ஆணி இறங்கி, கயிறும் தூளியும் ஏறிவிட்டன.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு முன்னால் அம்மிக் குழவியைத் தூளியில் போடுவோம். பேருக்குத்தான் — வைத்த கையோடு எடுத்துவிடுவார்கள். அம்மாவும் அப்படித்தான் வைத்தாள். எடுக்கப் போன கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"இரும்மா. ஆட்டணும்."

"கல்லையா?"

"புள்ளைய ஆட்டப்போறோம் இல்ல? அதே மாதிரி."

மாமா ஆட்டினார். "ஆராரோ... கருங்கல்லே கண்ணுறங்கு..." வீடே சிரித்தது.

"இன்னும் நல்லா, மாமா."

ஆணி கலவையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. குழவி தொம்மென்று விழுந்தது. சிவப்பு சிமென்ட் தரையில் நீளமாக ஒரு விரிசல்.

அக்கா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். முதலில் எழுந்தது நைனாதான்.

"உளி எங்க கீது?"

சாயங்காலத்துக்குள் இரண்டு சுவரிலும் கொக்கி போல்ட் ஏறியது. ஆணி சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும். போல்ட்டையோ சுவர் பிடித்துக்கொண்டிருக்கும். மனிதர்களிலும் இந்த இரண்டு ரகம் உண்டு, இல்லையா?

மறுபடி குழவி. இந்த முறை நைனாவே பலங்கொண்ட மட்டும் ஆட்டினார். கயிறு முனகியது. கொக்கி அசையவில்லை.

அக்கா குழந்தையோடு எழுந்தாள். அம்மா பதறினாள்: "ஐயையோ, ராகுகாலம்டி!"

நைனா தரை விரிசலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சும்மா கெட. அந்த ஆணிய நல்ல நேரத்துலதான அடிச்சோம்?"