மூணாவது தடவை கூப்பிட்டது யாரு

இன்னைக்கு ஹாலோவீனாம், வெள்ளைக்காரங்க பேய்த் திருவிழா. அதனால ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற ஜீப்புல என் நாத்தனா செல்வி போனைப் பாத்துப் பேய்க்கதை வாசிச்சுக்கிட்டே வந்தா.

எங்க மலையில ஒரு வழக்கம் உண்டு. பனிமூட்டத்துல யாரு பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் மூணாவது தடவைதான் பதில் சொல்லணும். பேய் ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாதாம்.

தோட்டத்துல பனி மூடினதும், அவளைப் பயமுறுத்தலாம்னு ஏலச்செடிக்குப் பின்னால ஒளிஞ்சு, "செல்வி... செல்வி..."ன்னுட்டு வாயைப் பொத்திக்கிட்டேன்.

பள்ளத்துக்குள்ள இருந்து மூணாவதா, என் குரல்லயே, "செல்வி"ன்னு கேட்டுச்சு.

"இந்தா வர்றேன் மதினி"ன்னு அவ பள்ளத்தைப் பாத்து நடந்தா. ஓடிப்போய் சேலையைப் பிடிச்சு இழுத்தேன்.

"அங்கிட்டிருந்துதான கூப்பிட்டீக, அதுக்குள்ள இங்க எப்படி வந்தீக?"

அவ கையைப் பிடிச்சு மேட்டுக்கு இழுத்துட்டு வந்தேன். நாளைக்கும் அந்தப் பள்ளத்துலதான் எங்களுக்குச் சோலி.

பேய்கிட்ட போன என் குரலைத் திரும்ப வாங்க உங்க ஊர்ல வழி இருந்தா சொல்லுங்கப்பு.