மெதுவா அடிங்க தம்பி

சைக்கிளுக்குக் கைப்பம்ப்பில் காற்றடிப்பது பார்க்கிறவருக்கு உடற்பயிற்சி, அடிக்கிறவருக்கு இடுப்பு வலி. பரமத்தி வேலூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் எனக்கு இது தெரியும்; சொந்த வண்டிக்கு அடித்து மூச்சு வாங்கிய உங்களுக்கும் தெரியும்.

அவசரக் காற்று

ஊரெல்லாம் கம்ப்ரசர் வந்த பிறகு நானும் ஒன்று வாங்கிப் போட்டேன். சுவிட்சைத் தட்டினால் வேலை முடிந்தது, இனி நானும் மனுஷன் என்று இருந்தேன். அதற்கு முதல் ஆப்பு வைத்தவர் கருப்பண்ணன் ஐயா. எழுபதை நெருங்குகிறவர். விடிந்ததும் சைக்கிளில் தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போகாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. மெஷின் குழாயை டயர் பக்கம் கொண்டுபோனதுமே வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அது அவசரக் காத்துங்க தம்பி, வந்த மாதிரியே போயிரும். நீங்க கையில அடிங்க."

பஞ்சர் இல்லாத பஞ்சர்

ஒரு சமயம் தினமும் பின் சக்கரத்தில் காற்றில்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டியூப்பைக் கழற்றித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். ஒரு குமிழி கூட வரவில்லை. காற்றடிக்கிற மவுத்தில் காற்றைப் பிடித்து வைக்கிற வால்டியூப்பை மாற்றினேன். மறுநாளும் அதே கதை. என் தொழிலுக்கே அவமானம் என்று எரிச்சலாக இருந்தது.

அன்று மத்தியானம் அவர் மனைவி நல்லம்மா கடைக்கு வந்தார். முட்டி வலியோடு தாங்கித் தாங்கி நடந்து வந்தவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். தினமும் ஐயா எழுவதற்கு முன்னால் காற்றைப் பிடுங்குவது அவர்தானாம். ஐயா தலைசுற்றி, வாய்க்கால் மேட்டில் வண்டியோடு விழுந்திருக்கிறார். லாரி போகிற ரோட்டில் விழுந்தால் என்ன ஆவது என்று அந்தம்மாவுக்குத் தூக்கமே இல்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? வெயில் ஏறிவிட்டால் மட்டும் கொடிக்கால் பக்கம் போக மாட்டாராம்.

"காத்தடிக்க வேண்டாம்னு உங்க பொழப்பைக் கெடுக்கலைங்க. வெயில் ஏறுற வரைக்கும் மெதுவா அடிங்க தம்பி."

ஒரு அழுத்து, ஒரு கொட்டாவி

அன்றிலிருந்து நான் அடித்த அடி இருக்கிறதே, அதைக் கம்ப்ரசரால் அடிக்கவே முடியாது. ஒரு அழுத்து, ஒரு கொட்டாவி. நடுவில் பம்ப்பைப் பிரித்து வாஷருக்கு எண்ணெய் விடுவேன், டீ குடிப்பேன். ஐயா கொடிக்கால் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெயில் சுள்ளென்று அடித்ததும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிடுவார்.

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள், "யாரோ காற்றைப் பிடுங்குகிறார்கள், வண்டியை உள்ளே வைத்துப் பூட்டுங்கள்" என்று பட்டும் படாமலும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"யாருன்னு தெரியுமுங்க. முட்டி வலியில அவளால குனிய முடியாதுன்னு, மவுத்து மேலாப்புல வர்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பி வெச்சுட்டுத்தான் நான் படுக்கறது."

ஒரு புது வேலை

இந்த ஐப்பசி மழையில் நல்லம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாமக்கல்லில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டார், ஆனால் எழுந்து நடக்க நாளாகும் என்று கேள்விப்பட்டேன். போன வாரம் ஐயா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயரை அமுக்கிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

காற்றை இறக்கச் சொன்னார். காற்றில்லாமல் தள்ளிக்கொண்டு போனால் டியூப் கிழியும் என்றேன். கிழியட்டும் என்றார். வீட்டிலேயே இறக்கியிருக்கலாமே என்று கேட்டதற்கு, வண்டி சீட்டைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கை வர மாட்டீங்குதுங்க, அது அவ வேலை. கட்டில்ல படுத்துக்கிட்டு இந்தச் சக்கரத்தையே பாத்துட்டுக் கெடக்கறா தம்பி. காத்து இல்லீன்னாத்தான் தூங்குவா."

குனிந்து வால்டியூப்பைப் பிடுங்கினேன்.

இத்தனை வருஷம் காற்றடித்ததற்கு ஒருவரும் என்னைக் கும்பிட்டதில்லை. இறக்கியதற்குக் கருப்பண்ணன் ஐயா கும்பிட்டுவிட்டுப் போனார்.