தார் ரோடு அதிர்ந்தபோது

“மண்ணுல வுழுந்தா துணிய தோய்ச்சுக்கலாம். தார்ல வுழுந்தா இன்னா பண்ணுவ?”

புது மோட்டார் சைக்கிள் வாங்கலாமா என்று கேட்டதற்கு என் அப்பா சொன்ன பதில் இது. கோலார் தங்கவயலில், சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த நேரம். அப்பா அப்போதும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். வாங்கு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பட்டுப்புழு வளர்ப்பில் டிப்ளமோ முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். பூதிகோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் மல்பெரித் தோட்டங்களையும் புழுக் கொட்டகைகளையும் பார்த்து, புழுவுக்கு நோய் வராமல் என்ன செய்வது என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும். பஸ் போகாத ஊர்கள். அதற்காக ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தேன். அப்பாவோடு வேலை பார்த்தவர் ஊரை விட்டுப் போகும்போது எங்களிடம் விற்றுவிட்டுப் போன வண்டி. உயரமாக, முரட்டுப் பல் வைத்த பட்டன் டயரோடு இருக்கும். ஏரிக்கரையிலும் உழுத நிலத்திலும் ஆடு மாதிரி ஏறி இறங்கும். நான் போகும்போது சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லைனில் பையன்கள், “அக்கா, எந்த ஊர்ல உழவு?” என்று கேட்பார்கள். கேட்கட்டும் என்று விடுவேன். அந்த வண்டியில் போகும்போது எனக்குக் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

தார் ரோடு மட்டும் அதற்கு ஆகாது. கொஞ்சம் வேகம் எடுத்தால் கைப்பிடி தடதடவென்று ஆடும். பிரேக் பிடித்தால் நின்றாலும் நிற்கும்.

அப்போதுதான் அலுவலகத்தில் எனக்கு வேறு பொறுப்பு கொடுத்தார்கள். கோலார் பட்டுக்கூட்டுச் சந்தையிலும், மெட்ராஸ் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களிலும் கூடுகளின் தரம் பார்க்கும் வேலை. சம்பளம் கூடுதல். ஆனால் ஏலம் தொடங்கும் முன் அங்கே இருக்க வேண்டும். கோரமண்டல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, பங்காருபேட்டையில் இறங்கி, பஸ் பிடித்துப் போனால் பாதி ஏலம் முடிந்திருக்கும். நெடுஞ்சாலையில் ஓடக்கூடிய வண்டி இருந்தால்தான் அந்த வேலை. மாட்டேன் என்றால் இன்னொருவருக்குப் போய்விடும். சுரங்கம் மூடிவிட்டால் என் சம்பளம்தான் வீட்டுக்கு என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதை இருவரும் பேசிக்கொண்டதில்லை.

எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அந்த நெடுஞ்சாலையில் நசுங்கிக் கிடந்த ஸ்கூட்டர் ஒன்றைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதை வீட்டில் சொல்லவில்லை.

அப்பாவின் வார விடுமுறை நாளில், அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பழைய வண்டியில் மெதுவாக ஓட்டிக் கோலார் போனேன். கடைக்காரர் என்னையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க மேடம்?”

“ஆமாங்க.”

“அப்ப புது வண்டியில தூங்கிடப் போறீங்க. அவ்வளவு மெத்துனு இருக்கும். ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, இது இங்க நிக்கட்டும். நீங்க திரும்பி வரலைன்னா எனக்குத்தான் நஷ்டம், இத யாரு வாங்குவா?”

அப்பா சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

புது வண்டி தாழ்வாக, ஒல்லியாக இருந்தது. டயர் வழவழவென்று இருந்தது. ஸ்டார்ட் ஆனதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சத்தம் குறைவு. அப்பா பின்னால் ஏறிக்கொண்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். ரோடு காலியாக இருந்தது. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு வேகத்தில் இவ்வளவு அமைதி எனக்குப் பழக்கமில்லை. “மெதுவா, மெதுவா” என்று அப்பா காதருகே சொல்லிக்கொண்டே வந்தார்.

அப்போது காலடியில் அதிர்ந்தது. கால் வைக்கும் கம்பி வழியாக, தரைக்குள்ளிருந்து வருவதைப்போல ஓர் உறுமல். அப்பாவின் கை என் தோளை நெரித்தது. “நில்லு” என்றார். அவர் சொல்வதற்கு முன்பே நான் பிரேக்கை அழுத்தியிருந்தேன். வண்டி நடுரோட்டில் நின்றது. இருவரும் காலைத் தரையில் ஊன்றி, அசையாமல் நின்றோம்.

ஏன் நின்றோம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். சுரங்கத்தின் ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும். பர்ஸ்ட் என்போம். மேலே வீடுகளில் அலமாரிப் பாத்திரம் ஆடும், சுவர் விரிசல் விடும். அதிர்ந்ததும் லைனில் எல்லோரும் செய்வதை அப்படியே விட்டுவிட்டு நிற்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். இன்னொரு முறை அதிர்கிறதா என்று பாதத்தாலேயே கேட்பார்கள். பிறகுதான் எந்த ஷிஃப்ட், யார் வீட்டு ஆள் கீழே எந்த ஆழத்து லெவலில் என்ற பேச்சு வரும். அம்மா அரிசி களைந்த கையோடு அப்படி நின்றதைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன். நடக்கப் பழகியதுபோல, அதிர்ந்தால் நிற்கவும் பழகியிருந்தேன். பழைய வண்டி தானே குலுங்கிக்கொண்டிருக்கும் என்பதால், அதில் போகும்போது வெளியே எது அதிர்ந்தாலும் எனக்குத் தெரிந்ததே இல்லை.

சுரங்கம் எங்கோ இருக்கிறது, நாங்கள் எங்கோ இருக்கிறோம். அது உடம்புக்குத் தெரியவில்லை. அதிர்வு கூடிக்கொண்டே வந்தது. அதற்குள்ளிருந்து ஹாரன் சத்தம் வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் லாரியின் முகம் மட்டும்.

எப்படி நகர்ந்தேன் என்று இன்றும் சொல்ல முடியவில்லை. அப்பா என்னை இழுத்தாரா, நான் வண்டியைத் தள்ளினேனா, தெரியாது. லாரி என் முழங்கை மேல் காற்றை அறைந்துவிட்டுப் போனது. வண்டி ரோட்டோரத்துச் சரளையில் சாய்ந்தது. அப்பா புல்லில் உட்கார்ந்திருந்தார்.

லாரி தூரத்தில் போய் நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார். தமிழ்க்காரர்.

“ஏம்மா, நடுரோட்டுல கோயில் கட்டப் போறியா? வேற எடமே கெடைக்கலியா உனக்கு?”

அவர் அப்பாவைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். “பெரியவரே, அடி கிடி படலியே?” அப்பா தலையை ஆட்டினார். டிரைவர் வண்டியை நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அப்பாவின் கை ஒரு கொத்துப் புல்லைப் பிடித்திருந்தது. விடவே இல்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்து தினமும் கேஜ் என்னும் சுரங்க லிஃப்டில் ஏறி, பூமிக்குள் இறங்கி, மேலே வந்து சாதாரணமாகச் சோறு சாப்பிடுகிறவர். அவர் நடுங்கி நான் பார்த்ததில்லை.

“பர்ஸ்ட்னு நெனச்சிட்டேன்” என்றார்.

“நானுந்தான் நைனா.”

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “வண்டிய தள்ளிக்கினு வா. கடையில குடுத்துட்டு ஊட்டுக்குப் போலாம்” என்றார்.

“கடை வரிக்கும் தள்ளவா?”

“தள்ளு. நான் அதுல ஏற மாட்டேன்.”

தள்ளிக்கொண்டு போனால் கடைக்காரர் பார்ப்பார். அதுதான் முதலில் மனதில் வந்தது. அதற்குப் பிறகுதான் இன்னொன்று தோன்றியது. இப்போது ஏறாவிட்டால் இனி எப்போதும் இந்த ரோட்டில் ஏற மாட்டேன். தைரியம் வந்து ஏறினேன் என்று சொன்னால் பொய். வீம்புதான் ஏற்றியது. அப்பா “வேணாம் பாப்பா” என்றது காதில் விழுந்தும், அவரை அங்கேயே விட்டுவிட்டுக் கடைப்பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் அதே உறுமல். கால் பிரேக்கைத் தேடியது. நில் நில் என்று உடம்பு முழுவதும் கத்தியது. கைப்பிடியில் கண்ணாடி இருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பழைய வண்டியில் கண்ணாடி இல்லை. மல்பெரித் தோட்டத்து மண் பாதையில் நமக்குப் பின்னால் யார் வரப்போகிறார்கள்? கண்ணாடியில் ஒரு லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே இடதுபக்கம் ஒதுங்கினேன். லாரி கடந்துபோன பிறகு அழுதேன், ஓட்டிக்கொண்டே.

கடைக்காரர், “எப்படி மேடம்? சத்தமே இல்ல பாருங்க” என்றார்.

“இல்லீங்க” என்றேன்.

வெகுநேரம் கழித்து அப்பா வியர்வையோடு நடந்து வந்தார். “சார் ஏன் நடந்து வர்றாரு?” என்று கேட்டதற்கு, “சும்மா, காத்து வாங்கலாம்னு” என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்றுவிட்டு, பழைய வண்டியில் ஊர் திரும்பினோம். அதன் குலுக்கல் அன்று தாலாட்டுபோல இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. இந்தக் குலுக்கலுக்குள்ளேயே இருந்துவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று மனது சொல்லத் தொடங்கியிருந்தது.

ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் லாரியின் முகம். ஆனால் யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. நான் இத்தனை நாள் பத்திரமாக இருந்ததற்குக் காரணம் பழைய வண்டி இல்லை. மண் பாதையில் எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை, அவ்வளவுதான். பிரேக் சரியில்லாத, கண்ணாடியே இல்லாத அதைத் தார் ரோட்டில் ஏற்றினால் இன்னும் மோசம். ஒன்று புது வண்டி, இல்லையென்றால் அந்த வேலையே வேண்டாம். அப்பாவிடம் இந்த முறை நான் கேட்கவில்லை, வாங்கப்போகிறேன் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், “உன் இஷ்டம்” என்றார்.

புது வண்டியில் முதல் நாள் சந்தைக்குப் போய், வேலை முடிந்து திரும்பியபோது மாலையாகிவிட்டது. அப்பா லைன் முனையில் நின்றுகொண்டிருந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்ததிலிருந்து அங்கேதான் நின்றாராம். உள்ளே வந்து உட்கார்ந்து, அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“தெனம் இப்படித்தான் இருந்தியா நீ?”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. “இப்பதான் தெரியுதா? கை கழுவிக்கினு வாங்க, ரெண்டு பேரும்” என்றாள்.

பழைய வண்டி பூதிகோட்டைப் பக்கம் ஒரு விவசாயியிடம் போய்விட்டது. நான் இப்போது வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில் போகிறேன். பின்னால் உறுமல் கேட்டால் கால் இன்னமும் பிரேக்கைத் தேடுகிறது. இந்தப் பயத்தை வைத்துக்கொண்டே சோறாக்கி, என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஒருவரிடமும் சொல்லாமல் ஒவ்வொரு ஷிஃப்டையும் கடத்தியிருக்கிறாள் என் அம்மா என்பது, அந்த ரோட்டில் ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.